பவளாயி வரைந்த ஏரி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பாதி மலைகளுக்கு இன்னும் பேரே வைத்திராத காலத்தில், மலையரண் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் ஒரு கோடியில் ஆனைமடு என்று ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரையில் பவளாயி என்று ஒருத்தி குடியிருந்தாள். அவள் புருசன் செங்கோடன் ஏரியில் பரிசல் ஓட்டுகிறவன். அவளோ குன்றுகளில் வெள்ளை மண்ணும் காவி மண்ணும் வெட்டி, மல்லன் என்ற கழுதையின் முதுகில் ஏற்றி, வீட்டுச் சுவருக்குப் பூசுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? பொறுங்கள், சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

சுவருக்குப் போக மிஞ்சிய மண்ணைப் பவளாயி தூக்கி எறிய மாட்டாள். மாவாக அரைத்து, வேப்பம்பிசின் கரைத்த தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரல் நீளத்துக்குக் குச்சி குச்சியாக உருட்டி நிழலில் காயவைப்பாள். பிசின் கூடினால் குச்சி கல்லாகிவிடும். குறைந்தால் கையிலேயே பொடியாகிவிடும். வெயிலில் வைத்தாலோ வெடித்துவிடும். இப்படி அவளிடம் ஐந்தே ஐந்து நிறங்கள் இருந்தன. வெள்ளை, காவி, மஞ்சள், அவுரி நீலம், அப்புறம் அடுப்புக்கரி.

பழைய சணலை ஊறவைத்து இடித்து அவளே செய்த முரட்டுக் காகிதத்தில்தான் வரைவாள். தூரிகை கிடையாது, தண்ணீரும் கிடையாது. குச்சியால் தீற்றுவாள், விரலால் தேய்ப்பாள், அவ்வளவுதான். வண்ணம் காகிதத்தின் சொரசொரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டிக்கொள்ளாது, சும்மா உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் யாராவது பலமாகத் தும்மினால் ஒரு மேகம் காணாமல் போய்விடும்!

வரைவதெல்லாம் ஏரியும் மலையும் வானமும்தான். ஆனால் ஒருநாள் மலை ஊதாவாக இருக்கும். இன்னொருநாள் ஏரி மஞ்சளாக இருக்கும். மழை வரப்போகிற நாளில் மரங்களெல்லாம் நீலமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துத் தேய்த்தால் பச்சை வருமே என்பீர்கள். வரும். அவளுக்கும் தெரியும். தோன்றினால் தேய்ப்பாள்.

"ஏம்மா பவளாயி, மலை எங்காச்சும் செவப்பா இருக்குமா?" என்று ஊரில் கேட்பார்கள்.

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சுங்க" என்பாள்.

ஒருமுறை மாட்டு வியாபாரி ஒருவர் அவள் படத்தைப் பார்த்து, "இது நம்ம மலையே இல்லை" என்றார். சொன்னவர் போனாரா? இல்லை. நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அவருடைய எட்டு மாடுகளும் அவிழ்த்துக்கொண்டு ஊராரின் சோளக்காட்டுக்குள் போய் மேய்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பவளாயியின் கை அப்படிப்பட்ட கை.

அந்தக் கையின் பேர் காற்றோடு காற்றாகப் போய், சூலகண்டன் என்ற மந்திரவாதியின் காதில் விழுந்தது.

ஒரு காலைவேளையில் அவன் ஏரிக்கரைக்கு வந்து நின்றான். பனை உயரம். கையில் ஒரு சந்தனப் பேழை.

"ஐந்தே நிறமா? ஐயோ பாவம்!" என்றான். பேழையைத் திறந்தான். உள்ளே நூறு குச்சிகள். பச்சையில் மட்டும் இருபத்து மூன்று! தளிர்ப் பச்சை, பாசிப் பச்சை, கிளிப் பச்சை, காய்ந்த இலைக்கு முந்தின நாள் பச்சை...

பவளாயிக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆசைப்பட்டாள் என்று அவளைத் திட்டாதீர்கள். அந்தப் பேழையைப் பார்த்திருந்தால் எனக்கும் ஆசை வந்திருக்கும்.

"எல்லாம் உனக்குத்தான். ஆனால் ஒன்று, இந்த ஏரியை உள்ளது உள்ளபடி வரை" என்றான் மந்திரவாதி. "ஒரு இலை கூடாமல், ஒரு அலை குறையாமல், உள்ளது உள்ளபடி வரை. உன்னால் முடியுமோ, முடியாதோ!"

முடியாதோ என்றதும் அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மலை செவப்பா, ஏரி மஞ்சளா என்று கேட்ட அத்தனை பேரும் மனக்கண்ணில் வந்து நின்றார்கள். இருக்கட்டும், ஒரே ஒரு தடவை காட்டிவிடுகிறேன் என்று உட்கார்ந்தாள்.

வரைந்தாள் வரைந்தாள், உச்சிவெயில் சாயும்வரை வரைந்தாள். இலைக்கு இலை, கல்லுக்குக் கல். நட்ட நடு ஏரியில் செங்கோடன் பரிசலில் போய்க்கொண்டிருந்தான். அவனையும் சுண்டுவிரல் நகத்தளவில், இருந்தபடியே வரைந்தாள். அவன் அங்கிருந்து கையை ஆட்டினான். அலைகளை எண்ணிக்கொண்டிருந்தவள் பதிலுக்குக் கையை ஆட்டவில்லை.

கடைசி அலையைத் தீற்றினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

ஏரி இல்லை. பரிசலும் இல்லை, செங்கோடனும் இல்லை. வெடிப்பு விட்ட பெரும்பள்ளம் ஒன்றுதான் இருந்தது. ஆனால் மடியிலிருந்த படத்துக்குள்ளே தண்ணீர் அசைந்தது! நகத்தளவு செங்கோடன் துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தான். எவ்வளவு போட்டும் கரை வரவில்லை.

"ஆஹா! கிடைத்தது ஏரி!" என்று சூலகண்டன் படத்தைப் பிடுங்கினான், பேழையைப் பிடுங்கினான், புழுதிச்சுழலாகச் சுழன்று போய்விட்டான். போகிற அவசரத்தில் பேழையிலிருந்து ஒரு பச்சைக் குச்சி விழுந்தது. அதைப் புல் என்று நினைத்துக் கழுதை தின்றுவிட்டது.

பவளாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஊருத் தண்ணியக் குடுத்துட்டேனே! என் புருசனைக் குடுத்துட்டேனே!" என்று புரண்டு அழுதாள்.

"அம்மிணி, அழுதது போதும். எந்திரிங்க" என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால், கழுதை!

"என்ன பாக்கறீங்க? அவன் மந்திரக் குச்சி இப்ப என் வயித்துல. அவன் ரகசியமெல்லாம் ஏப்பம் மாதிரி மேல மேல வருது. கேளுங்க. படம் நெசம் மாதிரியே இருக்கற வரைக்கும், நெசம் படத்துக்குள்ளதான் கெடக்கும்."

"அப்படின்னா படத்தை மாத்தி வரைஞ்சா போதுமா மல்லா?"

"பொய்யா வரைஞ்சா பொய்தான் வெளிய வரும். பொய் ஏரி, பொய்ப் புருசன்."

"உள்ளபடியும் கூடாது, பொய்யும் கூடாது. பின்னே என்னத்தைத்தான் வரையறது?"

கழுதை ஒரு ஏப்பம் விட்டுப் பார்த்தது. "அது என் வயித்துல இல்லீங்க. ஒரு குச்சிதானே தின்னேன்" என்றது.

பவளாயி தன்னுடைய ஐந்து குச்சிகளையும் மடியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். முதல் நாள் ஒரு வெட்டவெளியைத் தாண்டினார்கள். போன மாதம்வரை அங்கே ஒரு காடு இருந்ததாம். கூடு கட்ட மரம் இல்லாமல் தேனீக்கள் வெறும் ஆகாயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டாம் நாள் ஒரு மொட்டைச் சமவெளியைத் தாண்டினார்கள். அங்கே ஒரு மலை இருந்ததாம். எங்கே நிற்பது என்று தெரியாமல் மேகங்கள் தரையில் படுத்துக்கிடந்தன. மூன்றாம் நாள், புல்கூட முளைக்காத ஒரு கரும்பாறை வந்தது. அதன் உச்சியில் சூலகண்டனின் கோட்டை.

கோட்டையில் ஒரு சின்னச் சன்னல். சன்னலுக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை. காட்டைப் பறிகொடுத்தவர்களும் மலையைப் பறிகொடுத்தவர்களும் தினமும் வந்து மூன்று தடவை விழுந்து கும்பிட்டால், தங்கள் இடத்தைச் சன்னல் வழியாக ஒரு கணம் பார்க்கலாம். அதுதான் அந்தப் பாவியின் சட்டம். மற்றவர்கள் தன்னைக் கேட்டுத்தான் எதையும் பார்க்க வேண்டும் என்பதில் அவனுக்கு அத்தனை சந்தோசம்.

பவளாயிக்கு முன்னால் நின்ற பெண் தேனெடுக்கும் மாதி. அவளுக்கு முன்னால் நின்ற ஆள், கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"அது யாருங்க?" என்றாள் பவளாயி.

"நம்ம ராசாதான். மணிமகுடராயர். அவர் மலையும் போயிருச்சு" என்றாள் மாதி.

பவளாயியின் முறை வந்தது. மூன்று தடவை விழுந்து எழுந்து சன்னலில் கண்ணை வைத்தாள். எதிர்ச்சுவரில் மூன்று படங்கள் தொங்கின. ஒன்று காடு, ஒன்று மலை, இரண்டும் அவளைப் போல ஏமாந்த யாரோ வரைந்தவை. இன்னொன்று அவளுடைய ஏரி. ஏரிக்குள் செங்கோடன் இன்னும் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது உள்ளே யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். சுவர் அதிர்ந்தது. படத்திலிருந்து பொடி பொலபொலவென்று உதிர்ந்தது. செங்கோடனின் இடது தோளைக் காணோம்!

"ஐயோ, சாத்தாதீங்க! கதவைச் சாத்தாதீங்க!" என்று அலறினாள் பவளாயி.

மந்திரவாதிக்கு மந்திரம் தெரியும், மண்குச்சியைப் பற்றி என்ன தெரியும்? ஆணியடித்து மாட்டினான். நாளுக்கு நாற்பது தடவை கதவைச் சாத்தினான். பொடி உதிர உதிர, பறித்த இடங்கள்மேல் அவன் பிடியும் தளர்ந்துகொண்டிருந்தது. தானே சரிசெய்யலாம் என்றால் அவன் விரலில் எந்த வண்ணமும் ஒட்டாது. எதையும் பார்த்து மனசு நனையாதவன் விரலில் எப்படி ஒட்டும்?

"அட, நீயா! நல்ல சமயத்தில் வந்தாய்" என்று கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்தான். ஏரிப் படத்தையும் சந்தனப் பேழையையும் அவள் முன்னால் வைத்தான். "உதிர்ந்ததைச் சரிசெய். உள்ளது உள்ளபடி வரை. செய்தால் உன்னை இங்கேயே வைத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு கணம்தான். நீ உன் புருசனை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம்."

பவளாயி படத்தை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். தோளில்லாத செங்கோடன் வாயைத் திறந்து எதையோ சொன்னான். சத்தம் வரவில்லை. பேழையிலிருந்து அவன் தோளின் நிறத்துக்குச் சரியாக ஒரு குச்சியை எடுத்தாள். ஒரே ஒரு தீற்று போதும், தோள் வந்துவிடும். நாளெல்லாம் பார்க்கலாம். சாகும்வரை பார்க்கலாம்.

குச்சி காகிதத்தில் படப்போன நேரத்தில் அவளுக்குள் என்னவோ ஒன்று முரண்டு பிடித்தது. நகத்தளவா? என் செங்கோடன் நகத்தளவா? இந்த மூன்று நாளும் நான் நடந்த பாதையிலெல்லாம் நிறைந்து நின்றவன் இவ்வளவுதானா?

அந்தக் குச்சியைக் கீழே போட்டாள். மடியை அவிழ்த்துத் தன் அடுப்புக்கரியை எடுத்தாள்.

தீற்றினால் அவன் மறைந்துபோவான். திரும்பி வருவானா என்று கழுதைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. "மன்னிச்சுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தீற்றினாள்.

தண்ணீர் முழுக்கக் கரி. தன்மேல் இருந்த கோபம் அத்தனையையும் விரலால் அழுத்தித் தேய்த்தாள். கரிக்கு மேல் காவி, அழுது சிவந்த கண் மாதிரி. காவிக்கு மேல் மஞ்சள், பொழுது சாயும்போது பரிசல் திரும்பி வருமே, அந்த நேரத்து மஞ்சள். மரங்களைச் சின்னதாக்கினாள், மலையை ஓரத்துக்குத் தள்ளினாள். நடுவில் கீழேயிருந்து மேலே வரைக்கும் செங்கோடனை வரைந்தாள். ஏரி அவன் இடுப்பு வரைக்கும்தான் வந்தது. மலை அவன் தோளுக்குக் கீழே நின்றது. நெற்றிக்குக் காகிதத்தில் இடமே இல்லாமல் போயிற்று. கடைசியாக வெள்ளைக் குச்சியால் அவன் கண்ணில் ஒரு புள்ளி வைத்தாள். எத்தனை அழகாக இருந்தது தெரியுமா? பார்த்திருந்தால் நீங்களும் உங்கள் மாடுகளை மறந்திருப்பீர்கள்.

"அடிப் பாவி, என்ன செய்துவிட்டாய்! மனிதன் மலையைவிடப் பெரியவனா?" என்று கத்தினான் சூலகண்டன்.

"எனக்கு அப்படித்தான் இருக்குது!" என்றாள் பவளாயி.

சொல்லி வாய் மூடவில்லை, காகிதம் அவள் மடியில் துள்ளியது. குபுக்கென்று தண்ணீர் எழும்பி, மீனும் நாரையும் தாமரையுமாக அவர்கள் தலைக்கு மேலே ஆறாக ஓடி, சன்னல் வழியே ஆனைமடு இருந்த திசைக்குப் பறந்தது. அத்தனை தண்ணீரும் போன பிறகு, பொத்தென்று ஒரு பரிசல் தரையில் விழுந்தது. பரிசலுக்குள் துடுப்போடு செங்கோடன். இரண்டு தோளும் இருந்தன.

"பவளா! மூணு நாளா ஒரே எடத்துலயே சுத்தறேன் புள்ளே! கையெல்லாம் கழண்டு போச்சு" என்றான். அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவன் சட்டையெல்லாம் ஐந்து நிறமும் அப்பிக்கொண்டது.

பனை உயரம் இருந்த சூலகண்டன் இப்போது தென்னங்கன்று உயரத்துக்கு இறங்கிவிட்டான். ஆனாலும் திமிர் போகவில்லை. "மற்ற இரண்டையும் உன்னால் மாற்ற முடியாது! நீ அந்தக் காட்டில் நடந்ததுண்டா? அந்த மலையைப் பார்த்ததுண்டா?"

அவன் சொன்னது சரிதான். பவளாயி காட்டுப் படத்தில் ஒரு தீற்று தீற்றினாள், ஒன்றுமே நடக்கவில்லை. அவள் தயங்கவில்லை. கோட்டைக் கதவை அகலத் திறந்து, "மாதி, வாங்க! ராசா, நீங்களும் வாங்க! உங்க எடத்தை நீங்களேதான் வரையணும்" என்று கூப்பிட்டாள்.

மாதி தயங்காமல் வந்தாள். கரியும் மஞ்சளும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு காடு முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்தாள். "எனக்குக் காடுன்னா கண்ணுக்கு முன்னாடி காதுல வரும். ரீங்காரம்தான் காடு" என்றாள். படம் மொய்ம் மொய்ம் என்று இரைந்தது. இரைச்சலோடு காடு எழுந்து தன் இடத்துக்குப் பறந்தது. சூலகண்டன் ஆட்டுக்குட்டி உயரம் ஆனான்.

ராசா பின்வாங்கினார். "எனக்கு வரைய வராதே அம்மா. கோடுகூடக் கோணலாகப் போகும்."

"போகட்டுமுங்க."

ராசா மலையின் உச்சியில் ஒரு தங்கக் கொடியும் அதன் கீழ் ஒரு சிங்காசனமும் வரைய ஆரம்பித்தார்.

"பொய்" என்றது கதவோரம் நின்ற கழுதை.

ராசாவுக்கு முகம் சிவந்தது. உள்ளங்கையால் எல்லாவற்றையும் துடைத்தார். அப்புறம் மலைக்குப் பல் வைத்தார். பெரிய பெரிய பல்! மலையடிவாரத்தில் எறும்பளவுக்கு ஒரு குழந்தையை வரைந்தார்.

"சின்ன வயதில் அந்த மலையைப் பார்த்தால் எனக்கு நடுக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். "இன்றைக்கும்தான். யாரிடமும் சொன்னதில்லை."

மலை உறுமிக்கொண்டு எழுந்து போயிற்று. மேகங்கள் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டதை அங்கிருந்தே எல்லாரும் பார்த்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ராசாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எந்த யுத்தத்தில் ஜெயித்தபோதும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அவர்கள் பார்த்ததில்லை.

சூலகண்டன் முழங்கால் உயரத்தில் நின்று மூக்கை உறிஞ்சினான். பவளாயி குனிந்து அவன் கையில் ஒரு காவிக் குச்சியை வைத்தாள். "உங்களுக்குன்னு ஒரு பாறை இருக்குதே. அதைப் போய்ப் பாருங்க" என்றாள்.

"அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லையே" என்றான் அவன். பாறையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் கட்டைவிரலில் துளிக் காவி ஒட்டியது.

மந்திரம் முறிந்தது அந்த நேரத்தில்தான். எப்படித் தெரியும் என்கிறீர்களா? கழுதை, "அம்மிணி, இத்தனை ஒத்தாசை பண்ணினேனே, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும், அது என்னன்னா..." என்று ஆரம்பித்து, "ஹீ...ஹா" என்று முடித்தது. அதற்கு என்ன வேண்டும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ராசா பவளாயிக்கு ஐந்து குன்றுகளை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு குன்றிலும் ஒவ்வொரு நிற மண். அந்த நாட்டில் யார் வரைந்த படத்தையும் பார்த்து, "இது நிஜத்தில் இப்படியா இருக்கிறது?" என்று கேட்கக் கூடாது என்று தண்டோரா போட்டார். பல்லுள்ள மலைப் படத்தைச் சிங்காசனத்துக்கு எதிரே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அரண்மனையில் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை.

புருசனும் பெண்டாட்டியும் ஆனைமடுவுக்குத் திரும்பினார்கள். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. பரிசலைத் தண்ணீரில் இறக்கிய செங்கோடன், அவள் மடியிலிருந்த படத்தை அப்போதுதான் நின்று பார்த்தான். ஏரி அவன் இடுப்புக்கு, மலை அவன் தோளுக்கு. பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் புள்ளே, நான் இத்தனை பெருசா?"

"நீங்க இல்லாதப்ப அத்தனை பெருசா இருந்தீங்க."

"இப்ப?"

பவளாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பப் பரிசல்ல எனக்கு உக்கார எடம் இருக்கற அளவுக்கு இருக்கீங்க. கொஞ்சம் நகருங்க" என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கதை இவ்வளவுதான். ஏரி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அது என்ன நிறம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.